வரிசைக் கோழி

மேட்டுக்கொல்லை,
உத்திரமேரூர் வழி
15-10-1978

அண்ணனுக்கு,

சுலோச்சனா எழுதிக்கொள்வது. இரண்டு வருஷமாக நமக்குள் கடிதம் இல்லை, போக்குவரத்து இல்லை. இப்போதும் உறவு கொண்டாட எழுதவில்லை. போன வாரம் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரரை நிறுத்தி, நாலு பேர் கேட்கும்படி, "இன்னா மச்சான், பொண்ண டீச்சராக்கறதுக்கு என் தங்கச்சி கோயி மேய்ச்சிக்கினு கீறாளாமே?" என்று கேட்டீர்களாம். அவர் வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சோறே தொடவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆமாம், கோழிதான் மேய்க்கிறேன். இருநூறு வெள்ளை லெகான் பெட்டைக் குஞ்சு. ஆவணி பிறந்தபோது பொரித்தவை. என் கல்யாணத்தில் மஞ்சள் காணியாக நீங்கள் எழுதிக்கொடுத்த ஒன்றரை ஏக்கரில், கிணற்றடியில் கொட்டகை போட்டிருக்கிறேன். இரண்டு மாசம் ஆகிறது. இறக்கை முளைத்து, காலடியில் ஓடிவருகின்றன.

எதற்கு என்று உங்களுக்கும் தெரியும். ரேணுகாவை உங்கள் மகன் சுப்பிரமணிக்குக் கேட்டீர்கள். முறைதான், நான் மறுக்கவில்லை. படித்து முடிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு அப்பா திவசத்துக்குக்கூட எனக்குச் சொல்லி அனுப்பவில்லை நீங்கள். அவள் காஞ்சிபுரத்தில் ஆஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் சேர்ந்துவிட்டாள். அதற்கு என் வீட்டுக்காரர் என்னிடம் போட்ட நிபந்தனையை உங்களிடமும் வந்து சொல்லியிருக்கிறார். "தை பொங்கல் வரைக்கும் பாக்கறேன். உன் கோயி முட்டை போட்டு அவ ஆஸ்டல் செலவு நடந்தா படிக்கட்டும். கோயி போச்சுன்னா பொண்ணு உங்க அண்ணன் வூட்டுக்கு. இது என் வாக்கு."

அவர் வாக்கு மாறமாட்டார். நானும் மாறமாட்டேன். பொங்கலுக்குள் முட்டை வரும். அதுவரை பஸ் ஸ்டாண்டில் வைத்து அவரைக் கேலி செய்யாதீர்கள். வேண்டுமானால் என்னைக் கேளுங்கள்.

சுலோச்சனா


வாலாஜாபாத்
23-10-1978

தங்கை சுலோச்சனாவுக்கு அண்ணன் முனிரத்தினம் ஆசி கூறி எழுதுவது.

நீ திட்டி எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். உன் அண்ணி செல்லம்மாளிடம் படித்துக் காட்டினேன். "வாய் கொஞ்சமும் கொறயல" என்று சிரித்தாள். ரைஸ் மில்லில் இப்போது சம்பா நெல் வரத்து இல்லை. நானும் மேஸ்திரி நாற்காலியில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

மச்சானைக் கேலி செய்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஒன்றரை ஏக்கர் மேல் ஆசை என்று நீ ஊரெல்லாம் சொல்வது தப்பு. அந்தக் கிணற்றை நம் நைனா கைவலிக்க வெட்டினார். பாதி வெட்டும்போது பாறை வந்து, வேட்டு வைத்தபோது அவருக்கு ஒரு காது போயிற்று. அந்தத் தண்ணீர் நாளைக்கு ரேணுகாவோடு யாரோ ஒருத்தன் வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. அவள் இந்த வீட்டுக்கு வந்துவிட்டால் கிணறும் வந்துவிடும், பெண்ணும் நம் கண்ணெதிரில் இருப்பாள். இதில் என்ன பொல்லாங்கு கண்டாய்?

படிப்பு நல்லதுதான். சுப்பிரமணி எஸ்.எஸ்.எல்.சி. தேறவில்லை என்று உனக்கு இளக்காரம். போகட்டும்.

வெள்ளைக் கோழி மழைக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது என்று சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் வரப்போகின்றன. ஜாக்கிரதையாக இரு. நான் அவசரப்படுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். தை வரட்டும்.

முனிரத்தினம்


மேட்டுக்கொல்லை
19-11-1978

அண்ணனுக்கு,

உங்கள் வாக்கு பலித்தது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். பதினேழு குஞ்சு போய்விட்டது. மீதி நூற்று எண்பத்து மூன்று.

மழை பிடித்த மூன்றாம் நாள் கொட்டகையில் சாரல் அடித்து, கீழே பரப்பியிருந்த உமி நனைந்துவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் எச்சத்தில் ரத்தம். குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் குவிந்து நிற்கின்றன. நான் முழங்கால் தண்ணீரில் நடந்து உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் ஐசக் நல்ல மனிதர். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்து பார்த்தார். தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தோம். நனைந்த உமியை எல்லாம் வாரிக் கொட்டி, சுண்ணாம்பு தூவி, புது உமி போட்டோம். அவர் இந்த வேலை செய்வார் என்று நான் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன். வாய் திறக்காமல் நாற்பது கூடை உமி சுமந்தார். பிறகு, "சும்மா குந்திக்கினு கெடந்தா ஒடம்பு வலிக்குது, அதான். கோயிக்கோசரம் இல்ல" என்றார்.

ஒரு குறை மட்டும். இரண்டு மாசத்தில் இறக்கைக்குக் கீழே ஒரு ஊசி போட வேண்டும், வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க. குஞ்சில் கண்ணில் விட்ட சொட்டு மருந்து இத்தனை நாளைக்குத்தான் தாங்குமாம். "ரத்தமா போற கோயிக்கு இப்ப ஊசி போட்டா அதுவே எமன். தேறட்டும்மா, அப்பால போடலாம்" என்றார் ஐசக். தேறியும் விட்டன. ஆனால் ஊசி மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், ரோடு இன்னும் சரியாகவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சுலோச்சனா


வாலாஜாபாத்
30-11-1978

அன்புத் தங்கைக்கு,

பதினேழு போனதற்கு நான் சந்தோஷப்படுவேனா? எழுதும்போது யோசித்து எழுது. நீ முழங்கால் தண்ணீரில் நடந்தாய் என்று படித்ததும் உன் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்ன வயதில் உனக்கு மழையில் நனைந்தால் இளைப்பு வரும், நான் தூக்கிக்கொண்டு ஓரிக்கை வைத்தியரிடம் ஓடியிருக்கிறேன். அதை எல்லாம் மறந்துவிட்டாய்.

இங்கே ஒரு தொந்தரவு. மில் களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் ஆளுக்கு நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள் அல்லவா? சிந்தின நெல்லைப் பொறுக்கித் தின்று கொழுத்துக் கிடக்கும். நாலு நாளில் நாற்பதுக்கு மேல் செத்துவிட்டன. முதலில் தூங்கி வழிகிறது, பச்சையாகக் கழிகிறது, பிறகு கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுகிறது. சிட்டம்மாள் என்று ஒரு கிழவி, செத்த கோழிகளை வரிசையாக வைத்துக்கொண்டு அழுதாள், பார்க்க முடியவில்லை.

இது இன்ன நோய் என்று உன் ஐசக்கைக் கேட்டு எழுது. எப்படி ஒட்டும், எத்தனை நாளில் தெரியும், பார்த்தால் கண்டுபிடிக்க முடியுமா, பிழைக்குமா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. நம் வீட்டிலும் அண்ணி நாலு கோழி வைத்திருக்கிறாள். அதற்காகத்தான் கேட்கிறேன்.

முனிரத்தினம்


மேட்டுக்கொல்லை
8-12-1978

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உத்திரமேரூருக்கு ஓடினேன். ஐசக்கிடம் காட்டினேன். படித்து முடித்துவிட்டு, "அதேதாம்மா. வெள்ளைக்கழிச்சல். வாலாஜாபாத் வரைக்கும் வந்துட்டுதா?" என்று உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். அண்ணியிடம் படித்துக் காட்டுங்கள். நோய் வந்த கோழியின் எச்சம், எச்சில், இறகு எதில் பட்டாலும் ஒட்டும். ஒரே தண்ணீர்ச் சட்டியில் வாய் வைத்தால் போதும். மனிதர் காலில் வரும், சாக்கில் வரும். ரொம்பப் பொல்லாதது என்னவென்றால், நோய் உள்ளே புகுந்த கோழி நாலைந்து நாள் நன்றாகவே இருக்கும். கொண்டை சிவப்பாக, தீனி எடுத்துக்கொண்டு, பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதற்குள் பக்கத்துக் கோழிக்கெல்லாம் கொடுத்துவிடும். ஊசி போடாத கூட்டம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு போகும். வந்த பிறகு மருந்தே கிடையாது. அதனால் அண்ணியின் கோழிகளைக் களத்துப் பக்கம் விடாதீர்கள். வெளியிலிருந்து ஒரு கோழியும் வாங்காதீர்கள்.

நான் கொட்டகை வாசலில் பினாயில் நனைத்த சாக்கு போட்டிருக்கிறேன். அதை மிதித்துத்தான் நானே உள்ளே போகிறேன். வேறு யாருக்கும் அனுமதி இல்லை. தீனி வாங்கும் சாக்கைக்கூட வெந்நீரில் போட்டு எடுக்கிறேன். தினமும் அதே பச்சைச் சேலை. நிறம் மாறினால் இந்தக் கோழிகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். சேலை சாயம் போய்ப் பாசி மாதிரி ஆகிவிட்டது, அவர் என்னைக் கேலி செய்கிறார்.

இப்போது ஒன்று எழுதப் போகிறேன். இது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. போன வாரம் ஐசக் ஐஸ் பிளாஸ்கில் அந்த ஊசி மருந்தைக் கொண்டுவந்தார். நான் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்த வயசில் போட்டால் கோழி சுருங்கிப்போய் முட்டை பதினைந்து இருபது நாள் தள்ளிப் போகுமாம். தள்ளிப் போனால் பொங்கல் தாண்டிவிடும். பொங்கல் தாண்டினால் ரேணுகா போனாள். ஐசக் எவ்வளவோ சொன்னார். "ஒண்ணு போனா எல்லாம் போயிடும்மா" என்றார். நான் கேட்கவில்லை. முட்டையை என் வீட்டுக்காரர் கண்ணால் பார்த்த பிறகு ஊசி போட்டு, அப்புறம் பத்து நாள் நின்றாலும் பரவாயில்லை. அதுவரை யாரையும் உள்ளே விடாமல் காப்பாற்றிவிடுவேன்.

கொண்டை எல்லாம் வெளிறிக் கிடந்தது, இப்போது ரோஜா நிறமாகிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

சுலோச்சனா


வாலாஜாபாத்
22-12-1978

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விவரமாக எழுதியிருந்தாய். உபயோகமாக இருந்தது.

மார்கழி மாதத்தில் மனசு எதையெதையோ நினைக்கிறது. நமக்கு மிஞ்சியிருப்பது நீயும் நானும்தான். இரண்டு வருஷமாகப் பொங்கலுக்கு உனக்கு வரிசை அனுப்பாமல் இருந்தது பெரிய தப்பு. அண்ணி தினமும் சொல்லிக்காட்டுகிறாள். இந்த வருஷம் குறையில்லாமல் அனுப்பப் போகிறேன். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, உனக்கும் ரேணுகாவுக்கும் சேலை, மச்சானுக்கு வேட்டி. நம் வீட்டு வழக்கப்படி ஒரு ஜோடி நாட்டுக்கோழியும். சுப்பிரமணியே எடுத்துக்கொண்டு வருவான்.

கல்யாணப் பேச்சு இதில் இல்லை. வரிசை வேறு, அது வேறு. நீ நிம்மதியாக இரு.

முனிரத்தினம்


மேட்டுக்கொல்லை
2-1-1979

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை அவர் வாங்கிப் படித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். "உங்க அண்ணன் மனுசன்தான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்த வீட்டு வரிசை இல்லாமல் இரண்டு பொங்கல் எப்படிக் கழிந்தது என்று எனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாளுக்கு மாட்டு வண்டியில் வந்து இறங்கும்; நான் அடுப்பில் வேலை இருப்பது போல உள்ளே போய்விடுவேன்.

கோழிகள் முட்டைக்கு வந்துவிட்டன அண்ணா. கொண்டை ரத்தச் சிவப்பு. நான் கிட்டே போனால் முன்பெல்லாம் ஓடும், இப்போது நின்ற இடத்தில் பம்மி உட்கார்ந்துவிடுகிறது. பிடித்துப் பின்னால் விரல் வைத்துப் பார்த்தேன். இடுப்பெலும்பு நடுவே போன மாசம் ஒரு விரல் போகவில்லை, நேற்று இரண்டு விரல் போகிறது. குரலும் மாறிவிட்டது. பகலெல்லாம் இழுத்து இழுத்துக் கொக்கரிக்கின்றன. பழைய மண் பானைகளைச் சாய்த்து வைக்கோல் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. இன்றோ நாளையோ என்று இருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுதல். வரிசையில் கோழி மட்டும் வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். கோழிக்குப் பதிலாகப் பூசணிக்காய் ஒன்று கூடுதலாக அனுப்புங்கள், அதையே கோழி என்று நினைத்துக்கொள்கிறேன்.

ரேணுகா பன்னிரண்டாம் தேதி லீவில் வருகிறாள்.

உங்கள் தங்கை
சுலோச்சனா


வாலாஜாபாத்
11-1-1979

அன்புத் தங்கைக்கு,

சுப்பிரமணியிடம் வரிசை கொடுத்தனுப்புகிறேன். நீ கேட்டபடி பூசணிக்காய் இரண்டு இருக்கிறது.

கோழி வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கோழி இல்லாமல் நம் வீட்டிலிருந்து வரிசை போனதே இல்லை. உன் வீட்டு வாசலில் நாலு பேர் பார்ப்பார்கள், அவர்கள் வாயில் நான் விழ வேண்டுமா? பயப்படாதே. இது வாலாஜாபாத் கோழி இல்லை. ஐயங்கார்குளத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் சொல்லிவைத்து வாங்கியது. சேவலும் பெட்டையுமாக எப்படி மினுக்குகிறது என்று நீயே பார்.

அம்மா செய்வாளே, நினைவிருக்கிறதா? மாமன் வீட்டிலிருந்து வரிசைக் கோழி வந்தால் அறுக்கமாட்டாள், கட்டிப்போடவும் மாட்டாள். வீட்டுக் கோழிகளோடு விட்டு, ஒரே தட்டில் ஒரு வேளை தீனி தின்ன வைப்பாள். அப்போதுதான் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒட்டும் என்பாள். நீயும் அப்படியே செய். அதைச் செய்தாய் என்று தெரிந்தால்தான் நம் சண்டை தீர்ந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

முனிரத்தினம்


மேட்டுக்கொல்லை
15-1-1979, மாட்டுப் பொங்கல்

அன்புள்ள அண்ணா,

முட்டை வந்துவிட்டது!

பொங்கலுக்கு முதல் நாள், போகி அன்று காலை. இரண்டாவது பானையில், புறா முட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. மேலே கோடு போட்டது போல ரத்தம். முதல் முட்டை அப்படித்தான் இருக்குமாம். முந்தானையில் வைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். சூடு இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரேணுகாவைக் கூப்பிட்டு, "இந்தா, உன் ஆஸ்டல் பீஸு" என்று அவளிடம் கொடுத்தார். நேற்று நாலு. இன்று ஏழு.

வரிசை பன்னிரண்டாம் தேதியே வந்து சேர்ந்தது. தெருவே பார்த்தது. எனக்குத் தலை நிமிர்ந்தது. சேலை நிறம் அண்ணி எடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது.

ஆனால் சுப்பிரமணி நடந்துகொண்டது சரியில்லை. எல்லாவற்றையும் இறக்கி வைத்தவன், கோழிக்கூடையை மட்டும் தோளிலிருந்து இறக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டு, "அத்த, இத நானே எட்துக்கினு போயிடறேன். நீ வாங்கிக்கினதா நைனாகிட்ட சொல்லிடு" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடா மரியாத இது, வரிசையத் திருப்பி எடுத்துக்கினு போறதா?" என்று சத்தம் போட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. நாஷ்டாவும் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். பையனைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

கோழியைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். நான் தனியாகக் கூடையிலேயே வைத்துத் தீனி போடலாம் என்றுதான் இருந்தேன். அவர்தான், "உங்க அண்ணன் இவ்ளோ எறங்கி வந்திருக்காரு. அவர் வூட்டுக் கோயிய வாசல்ல கட்டி வெக்கறயா? இன்னா பேஜாரு புடிச்ச பொம்பள நீ" என்றார். உங்கள் கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டார். நான் இரண்டையும் கையில் தூக்கிக் கண்ணைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டேன். உள்ளே விட்டேன். நானேதான் விட்டேன். ஒரே தட்டில் தின்றன.

ஒரு வேளை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று பார்த்தால், சேவல் பரணில் ஏறிவிட்டது. பிடிக்க இரண்டு நாளாயிற்று. இப்போது வெளியே கூடையில் இருக்கின்றன. நேற்றிலிருந்து பெட்டை தீனி எடுக்கவில்லை. கண்ணை மூடி மூடித் திறக்கிறது. பயணக் களைப்பாக இருக்கும். இடம் மாறினால் அப்படித்தான், இல்லையா அண்ணா?

ஐயங்கார்குளத்தில் யார் வீடு என்று உடனே ஒரு கார்டு எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

சுலோச்சனா


வாலாஜாபாத்
16-1-1979

அன்புத் தங்கைக்கு அண்ணன் முனிரத்தினம் மிக்க வருத்தத்துடன் எழுதுவது.

உன் கோழிகள் கூண்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டு நானும் உன் அண்ணியும் இடிந்து போனோம். உத்திரமேரூர் பஸ்ஸில் வந்த ஒருவர் மில்லில் சொன்னார். ஐந்து மாசம் குழந்தை மாதிரி வளர்த்தாய். என்ன செய்வது? யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை. இந்த வருஷம் எங்கே பார்த்தாலும் இந்தச் சீக்குதான். ஊசியும் போடாமல் விட்டுவிட்டாய், அதையும் நினைத்துப் பார்.

உன்னால் ஆனதை நீ செய்து பார்த்துவிட்டாய். இனி மச்சான் கொடுத்த வாக்கு இருக்கிறது. தை இருபத்தைந்தாம் தேதி நல்ல முகூர்த்தம். இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை அண்ணியும் நானும் தாம்பூலத் தட்டோடு வருகிறோம். ரேணுகாவைத் திரும்ப ஆஸ்டலுக்கு அனுப்ப வேண்டாம். வீண் செலவு.

மனதைத் தேற்றிக்கொள். எல்லாம் நல்லதற்கே.

முனிரத்தினம்


மேட்டுக்கொல்லை
28-1-1979

முனிரத்தினம் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வாசல் வரை வந்துவிட்டு, சுண்ணாம்பு கொட்டிய குழியைப் பார்த்ததும் அண்ணியை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டீர்கள் என்று ஆண்டாளம்மாள் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

என் கோழிகள் போய்விட்டன. நூற்று எண்பத்து மூன்றில் பதினான்கு மிச்சம். அந்தப் பதினான்கிலும் ஆறு கழுத்து திரும்பாமல் கிடக்கிறது. கடைசிவரை முட்டை போட்டுக்கொண்டே செத்தன. ஓடில்லாமல், தோல் மட்டும் மூடின முட்டை. கையில் எடுத்தால் வழிந்துவிடும். ஒரு பெட்டை பானையில் உட்கார்ந்தபடியே தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு செத்திருந்தது. முட்டை போட வந்து உட்கார்ந்தது என்று நினைத்து நான் அதைத் தொந்தரவு செய்யாமல் மூன்று முறை தாண்டிப் போனேன்.

ஊசியைத் திருப்பி அனுப்பியது நான். கோழியைக் கையில் தூக்கி உள்ளே விட்டதும் நான். அந்தப் பாவம் என்னுடையது, அதை உங்கள் தலையில் கட்டமாட்டேன். ஐசக் வந்து குழி வெட்டும்போது ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன்.

என் கொட்டகையில் முதல் கோழி செத்தது பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை விடியும்போது. பதினெட்டாம் தேதி சாயங்காலம் வரை நூற்று எண்பத்து மூன்றும் நின்றன. அன்றைக்குப் பதினொரு முட்டை எடுத்தேன். கோழிகள் கூண்டோடு போய்விட்டன என்று நீங்கள் வருத்தப்பட்டு எழுதிய கடிதம் அதே பத்தொன்பதாம் தேதி மத்தியானம் என் கைக்கு வந்தது. முதல் கோழியை அப்போதுதான் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கடிதத்தில் நீங்கள் போட்ட தேதி பதினாறு. வாலாஜாபாத் தபால் முத்திரை பதினேழு. பதினாறாம் தேதி, பஸ்ஸில் வந்த எவர் உங்களிடம் என்ன சொல்லியிருக்க முடியும்?

நாலைந்து நாளில் தெரியும், நூற்றுக்குத் தொண்ணூறு போகும் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நாள் எண்ணிப் பார்த்து நீங்கள் துக்கம் விசாரித்துவிட்டீர்கள். இன்னும் நாலைந்து நாள் பொறுத்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நீங்கள் ஆசையாக அனுப்பிய ஜோடிக் கோழியும் செத்துவிட்டதே என்று நான் இன்னும் உங்களுக்காக அழுதுகொண்டிருப்பேன்.

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படியுங்கள் என்றேன். படித்தார். காலண்டர் பக்கத்தில் போய் நின்று மறுபடியும் படித்தார். பிறகு கொட்டகை வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நான் குட்த்த வாக்கு கோயி தானா செத்தாத்தான், சுலோ. கொன்னா இல்ல" என்றார். அம்மா பெயரைச் சொல்லி என்னை அதைச் செய்யவைத்தீர்களே, அதை நினைத்துத்தான் நான் அழுகிறேன். கோழிக்குக்கூட இவ்வளவு அழவில்லை.

மறுநாள் தன் சைக்கிளை விற்று இந்த மாசத்து ஆஸ்டலுக்கு வழி செய்தார். அடுத்த மாசத்துக்கு என்ன என்று எங்களுக்குத் தெரியாது. கொட்டகையை எரித்து, மண்ணைக் கொத்தி, வெயிலில் விட்டிருக்கிறோம். மூன்று மாசம் காலியாகக் கிடக்க வேண்டுமாம்.

சுப்பிரமணியை ஒன்றும் செய்யாதீர்கள். அவன் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீங்களே எழுதிக் கொடுத்ததுதான் எல்லாம்.

ரேணுகாவை நேற்று நாங்கள் இரண்டு பேருமாகப் போய் காஞ்சிபுரம் பஸ் ஏற்றிவிட்டோம். உங்கள் பதினாறாம் தேதிக் கடிதம் அவளிடம் இருக்கிறது. கவரோடு பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். மாமன் வீட்டிலிருந்து தட்டு எடுத்துக்கொண்டு யார் வந்தாலும், சபையில் அந்தத் தேதியை உரக்கப் படிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

சுலோச்சனா ராஜாராம்